உங்களுக்குத் தெரியுமா? 37 ஆண்டு கழித்து முதலிடம்!

● 1978 மார்ச்சில், பிரிட்டிஷ் பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்தபோது பாடகி கேட் புஷ்ஷுக்கு வயது 19. முழுக்கத் தானே எழுதிய பாட்டால் அங்கே முதலிடம் பெற்ற முதல் பெண் அவர்தான்!

● பாட்டின் பெயர் 'வுதரிங் ஹைட்ஸ்'. எமிலி பிராண்டியின் நாவலில் வரும் கேத்தியின் ஆவி, காதலனின் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடுவதாக அமைந்தது. நாவலாசிரியை, பாடகி இருவருக்குமே பிறந்தநாள் ஜூலை 30.

● 1985-இல் வெளியான அவருடைய 'ரன்னிங் அப் தட் ஹில்' 3-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. 2022-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் ஒலித்ததும், அது வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் தேடித் தேடிக் கேட்டார்கள். பாட்டு முதலிடத்துக்கு ஏறியது. இரண்டு முதலிடங்களுக்கும் நடுவே 44 ஆண்டுகள். எத்தனை அருமையான மறுவருகை!