ஷிப்ட் முடிந்த பிறகு மனசுவிட்டு யாரிடம் பேசுவது?

திருப்பூரில் ஒருவரிடம் "என்ன ஆச்சு?" என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "ஒண்ணுமில்லைங்க".

காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் டெய்லர், மெர்ச்சண்டைசர் இருவருக்குமே அதையும் தாண்டும். பலருக்குக் குடும்பம் வெளியூரில். ரூம்மேட்டும் அதே கம்பெனி. அவரிடம் சொன்னால் திங்கட்கிழமை லைன் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயத்தைத் தப்பு சொல்ல முடியாது.

இங்கேதான் 14416 உதவுகிறது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை இது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இந்தி, ஒடியாவும் உண்டு. பக்கத்து டேபிள் ஒடிசாக்காரருக்கும் இதே நம்பர்தான். முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். போன் செய்தால் கடன் தீராது, ஓவர்டைம் குறையாது. ஆனால் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

சரி, நண்பரே வந்து சொன்னால்? "இதுக்கெல்லாமா ஃபீல் பண்ணுவ?" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேளுங்கள். பதில் 'ஆமாம்' என்றால் அவரைத் தனியே விடாமல், கூட இருந்தே 14416-க்குப் போன் போடுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையா? "ரெண்டு வாரமா தூக்கம் வரலைங்க" என்றால் போதும். மீதியை அவர்களே கேட்பார்கள்.