‘அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்’ - காரில் நாயுடன் ஊருக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பொங்கலுக்கு முந்தைய நாள். பரனூர் டோல்கேட்டில் தென் மாவட்டங்களுக்குச் செல்லும் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு காரின் பின் ஜன்னலில் தலையை நீட்டி, நாக்கைத் தொங்கவிட்டுக் காற்று வாங்குகிறது ஒரு லேப்ரடார். இன்னொரு காரில் ஓட்டுபவரின் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது ஒரு பொமரேனியன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், இரண்டுமே ஆபத்தான இடத்தில் இருக்கின்றன. அவை மட்டுமல்ல, அந்தக் கார்களில் இருப்பவர்களும்தான்.

“அது எங்க வீட்டுப் புள்ள மாதிரி, விட்டுட்டுப் போக மனசு வராது” என்று நாயையும் ஊருக்கு அழைத்துச் செல்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பிள்ளை மாதிரி என்றால், பிள்ளைக்குச் செய்யும் பாதுகாப்பையும் செய்ய வேண்டுமே?

மடியில் வைத்தால் என்ன ஆகும்?

கார் 50 கி.மீ. வேகத்தில் போகிறது. முன்னால் திடீரென ஒரு மாடு குறுக்கே வருகிறது. கார் எதன் மீதாவது மோதி நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் நாய் நிற்காது. அதே 50 கி.மீ. வேகத்தில் முன்னால் பறக்கும். அது சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்து கீழே விழும் வேகத்துக்குச் சமம். 20 கிலோ எடையுள்ள நாய் அந்த வேகத்தில் முன் சீட்டில் இருப்பவரின் பின்தலையில் மோதினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முன் சீட்டில் இன்னொரு சிக்கல் ஏர்பேக். சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கணக்கில் வைத்தே அது வடிவமைக்கப்படுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும்போது, மடியில் இருக்கும் சிறிய நாய் ஏர்பேக்குக்கும் ஓட்டுபவருக்கும் நடுவில் நசுங்கிவிடும்.

விபத்து நடந்த பிறகும் ஆபத்து தீராது. கதவு திறந்ததும் பயந்துபோன நாய் நெடுஞ்சாலையில் பாய்ந்து ஓடலாம். உதவிக்கு வருபவர்களைக் கடிக்கவும் செய்யலாம்.

ஜன்னலில் தலை நீட்டினால்?

நாய்க்கு அது ஆனந்தம்தான். ஆனால் தூசியும் சிறு கற்களும் நேராகக் கண்ணில் அடிக்கும். உரசுவது போல் முந்திச் செல்லும் பேருந்துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாலையோரம் ஆட்டையோ இன்னொரு நாயையோ பார்த்தால் ஓடும் காரிலிருந்தே குதித்துவிடலாம். பவர் விண்டோ பட்டனை நாயே காலால் மிதித்து, கழுத்து கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. எனவே பின் ஜன்னல்களுக்கான லாக்கைப் போட்டுவிடுங்கள். காற்று வேண்டுமென்றால், தலை வெளியே போகாத அளவு இறக்கினால் போதும்.

எங்கே, எப்படி உட்கார வைப்பது?

பின் சீட்தான் சரியான இடம். அதில் இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, ஹார்னஸ். மார்பைச் சுற்றி அகலமான பட்டையுடன் இருக்கும் இதை சீட் பெல்ட்டுடன் இணைக்க வேண்டும். நாய் உட்காரவும் படுக்கவும் முடிகிற அளவுக்கு மட்டும் பட்டையின் நீளம் இருக்கட்டும். கழுத்துப் பட்டையில் நேரடியாக பெல்ட்டை மாட்டக் கூடாது. பிரேக் அடித்தால் முழு இழுப்பும் கழுத்தில்தான் விழும்.

இன்னொன்று, கூண்டு அல்லது கேரியர். நாய் எழுந்து நின்று திரும்ப இடம் இருக்க வேண்டும். கூண்டும் நகராமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கூண்டோடு சேர்ந்து பறக்கும். சிறிய கேரியரை முன் சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்தில் இறுக்கமாக வைக்கலாம். எஸ்யூவி என்றால் பின்பகுதியில் தடுப்புக் கம்பி பொருத்தி வைக்கலாம். மூடிய டிக்கியில் மட்டும் எந்த நாயையும் வைக்கவே கூடாது.

ஆன்லைனில் ‘நாய்களுக்கான சீட் பெல்ட்’ என விற்கும் எல்லாமே விபத்தைத் தாங்கும் என நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவின் ‘சென்டர் ஃபார் பெட் சேஃப்டி’ அமைப்பு 2013-ல் சுபாரு கார் நிறுவனத்துடன் சேர்ந்து, பொம்மை நாய்களை வைத்து ஹார்னஸ்களை மோதல் சோதனைக்கு உட்படுத்தியது. நாயை சீட்டிலிருந்து பறக்கவிடாமல் தொடர்ந்து பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு ஹார்னஸ்தான். மோதல் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டாலும், சாதாரண ஹார்னஸ் நாயை ஓட்டுபவர் பக்கம் தாவவிடாமலாவது தடுக்கும்.

அந்த ‘அஞ்சு நிமிஷம்’

நெடுஞ்சாலை ஓட்டல்கள் பலவற்றில் நாயை உள்ளே விடுவதில்லை. “நீ இங்கயே இருடா, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்” என்று காரைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். தோசை வரவே 15 நிமிடம் ஆகிறது.

அமெரிக்க கால்நடை மருத்துவ சங்கத்தின் கணக்குப்படி, நின்றிருக்கும் காருக்குள் வெப்பம் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸும், அரை மணி நேரத்தில் சுமார் 19 டிகிரியும் உயர்ந்துவிடும். அதாவது வெளியே 30 டிகிரி என்றால், 10 நிமிடத்தில் உள்ளே 40; அரை மணியில் 49. கோடையில் மட்டுமல்ல, பொங்கல் நேரத்து மதிய வெயிலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா? போதாது. 2005-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஜன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை எனத் தெரியவந்தது. ஏசியை ஓடவிட்டுப் போவதும் முழுத் தீர்வல்ல. இன்ஜின் நின்றால் ஏசியும் நின்றுவிடும்.

நம்மைப் போல நாய்க்கு உடல் முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கும். காருக்குள் காற்றே கொதிக்கும்போது மூச்சிரைத்துப் பயனில்லை. பக், புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். “நாட்டு நாய்தானே, வெயில் தாங்கும்” என்பதும் தவறு. பூட்டிய காரில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கூடத் தாங்காது.

தீர்வு எளிது. பாதிப் பேர் சாப்பிடும்போது மீதிப் பேர் நாயுடன் நிழலில் நில்லுங்கள். தனியாகப் போகிறீர்களா? பார்சல்தான்.

வெப்பத்தால் பாதித்தால் என்ன செய்வது?

நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், கருஞ்சிவப்பு நாக்கு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை ஹீட் ஸ்ட்ரோக் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். ஐஸ் தேடி ஓட வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். ஈரத்துண்டைப் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உடலைக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் காட்டிவிடுவது அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் நெடுஞ்சாலை விதிகளின் 57-வது விதி, காரில் நாயைக் கட்டியோ கூண்டிலோதான் கொண்டு செல்ல வேண்டும் என்கிறது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் நாய்க்கென்று அப்படித் தனிப் பிரிவு இல்லை. ஆனால், ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக யாரையும் உட்காரவிடவோ, எதையும் வைக்கவோ கூடாது என்கிறது அதன் 125-வது பிரிவு. தேவையற்ற துன்பம் தரும் விதத்தில் விலங்கை வாகனத்தில் கொண்டு செல்வது, 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். டீ, வடை செலவு! எனவே சட்டத்தை நம்பிப் பயனில்லை, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன்...

* பயணத்துக்கு 3, 4 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் அவ்வப்போது கொடுக்கலாம்.
* கொல்லிமலை, வால்பாறை போன்ற கொண்டை ஊசி வளைவுகளில் நாய்க்கும் தலை சுற்றும். நம் வாந்தி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்காமல், கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.
* ஹார்னஸும் கூண்டும் புதிது என்றால், சில நாட்கள் முன்பே தெருமுனை வரை போய்ப் பழக்குங்கள்.
* 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். முதலில் கயிற்றை மாட்டுங்கள், பிறகு கதவைத் திறங்கள்.
* கழுத்துப் பட்டையில் உங்கள் செல்போன் எண், பையில் தடுப்பூசி அட்டை, போனில் வழியில் உள்ள கால்நடை மருத்துவமனைகளின் எண்கள் இருக்கட்டும்.

முதல் பத்து நிமிடம் நாய் முனகும், முறைக்கும். பாவமாக இருக்கிறதே என்று அவிழ்த்துவிடத் தோன்றும். கொஞ்ச நேரம் பொறுங்கள், தூங்கிவிடும். ஊர் வந்ததும் அதுதான் முதலில் இறங்கி வாலாட்டும்.