கணனியை மேலேற்றும் முன் பாமினியைப் பத்திரப்படுத்துங்கள்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுத்திக்கொண்டது. ‘உங்கட கணனிக்குப் பதினொன்று ஏறுமோ?’ என்பதும் ஹவுன்ஸ்லோவில் எம்மவரின் சுகவிசாரிப்புகளில் ஒன்றாகிவிட்டது. ஏறுமோ ஏறாதோ, அதற்கு முன் கேட்கவேண்டியது வேறு: அந்தக் கணனிக்குள் பாமினியில் தட்டிய தமிழ் எவ்வளவு கிடக்கிறது?

மாதாமாதம் வரும் புதுப்பிப்பு வேறு, 10 இலிருந்து 11க்குப் போகும் பதிப்பு மாற்றம் வேறு. முன்னது ஓட்டை அடைக்கும் வேலை. அதைத் தள்ளிப்போடக் கூடாது. 2017 மே 12இல் வனாகிரை என்ற நச்சுநிரல் இந்நாட்டு ஆஸ்பத்திரிகளை முடக்கியது. சுமார் 19,000 நோயாளர் சந்திப்புகள் தடைப்பட்டதாக மதிப்பிட்டார்கள். அந்த ஓட்டைக்கான அடைப்பு இரண்டு மாதம் முன்னரே, மார்ச் 14இல் வெளிவந்திருந்தது. பாதிக்கப்பட்ட கணனிகளில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. வந்த அடைப்பைப் போடாததே குறை.

பதிப்பு மாற்றத்துக்கு அவ்வளவு அவசரம் வேண்டாம், ஆயத்தம் வேண்டும். விண்டோஸ் 11, ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் கணனிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை தகுதி பெறா. விண்டோஸ் 10க்கு அறிவித்த ஒரு வருட நீட்டிப்பும் 2026 ஒக்டோபர் 13 வரைக்குமே. தகுதியில்லாத கணனியைக் குப்பையில் போடவேண்டியதில்லை. உபுண்டு இலவசம், அதன் 24.04 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. மக் வைத்திருப்போருக்கும் பழைய பதிப்பு ஒருநாள் கைவிடப்படும்.

இனிப் பாமினிக்கு வருவோம். அகதி விண்ணப்பத்துக்கு எழுதிய வாக்குமூலம், தமிழ்ப் பாடசாலைப் பயிற்சித்தாள், கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டு என்று எம்மவர் பலர் பாமினியில்தான் தட்டி வைத்திருக்கிறார்கள். உண்மையில் அக்கோப்புகளில் தமிழே இல்லை. இருப்பது ஆங்கில எழுத்து. அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துரு. பாமினி இல்லாத கணனியில் திறந்தால் அப்புவின் கல்வெட்டு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். (மெய்யெழுத்தின் குற்றுக்குப் பாமினி பிடித்துக்கொண்ட இடம் அரைப்புள்ளி.) இங்கு பிறந்த பிள்ளை அதைக் கண்டால் பழுதான கோப்பென்று அழித்துவிடும்.

இருக்கும் கணனியிலேயே மேலேற்றினால் எழுத்துரு பெரும்பாலும் தங்கிவிடும். புதுக்கணனி வாங்கினாலோ, எல்லாவற்றையும் துடைத்து முதலிலிருந்து ஏற்றினாலோ போய்விடும். ஆகவே கோப்புகளைப் பென் ட்ரைவில் பிரதி எடுக்கும்போது, விண்டோஸின் ‘ஃபொன்ற்ஸ்’ கோப்புறையில் உள்ள பாமினியையும் கூடவே எடுங்கள். முக்கியமானவற்றை எழுத்துச் சரியாகத் தெரியும் பழைய கணனியிலேயே பிடிஎவ் ஆக்கிவிடுங்கள்.

யூனிகோடுக்கு மாற்றுவது இன்னும் நல்லது. அது தமிழுக்குத் தனி இடம் தந்த முறை. விண்டோஸ் 2000 முதல் உண்டு. இதற்கான மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் இடையிலே ஆங்கிலத்தில் விலாசம் இருந்தால் சில மாற்றிகள் அதையும் ‘தமிழாக்கி’ வைக்கும். ஒருமுறை கண்ணால் வாசித்தே ஆகவேண்டும், மூலக்கோப்பையும் வைத்திருக்கவேண்டும்.

பழைய கணனியைக் கொடுக்க முன், பென் ட்ரைவை இன்னொரு கணனியில் போட்டு, பாமினியை நிறுவித் திறந்து பாருங்கள். கல்வெட்டின் முதற்பக்கம் தமிழில் தெரிந்தால் மேலேற்றத் தொடங்கலாம்.