முகவரிக்கும் ஒரு புனைபெயர்

எழுத்துலகிற் புனைபெயர் பூணும் வழக்கம் நமக்குப் புதியதன்று. த. சிவஞானசுந்தரம் இலங்கையர்கோனாகவும், து. உருத்திரமூர்த்தி மஹாகவியாகவும், சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தனாகவும் வாசகர் முன் தோன்றினர். அவர்கள் தம்மை ஒளித்துக்கொண்டனர் என்று எவரும் குறை கூறுவதில்லை. கந்தோர் வாழ்வு ஒருபுறமும் இலக்கிய வாழ்வு மறுபுறமுமாக அமைந்தவர்களுக்குப் புனைபெயர் ஒரு வேலி. வாசகர் எழுதும் கடிதம் பத்திரிகாலயத்துக்கு வரும். உண்மைப் பெயரை அறிந்த ஆசிரியர் அதனை உரியவருக்கு அனுப்பிவைப்பார். எழுதியவரும் பெற்றவரும் தொடர்பு கொள்வர். ஆயினும் வீட்டு வாசல் எதுவென்று வெளியே தெரியாது.

இந்தப் பழைய ஏற்பாடு இன்று மின்னஞ்சல் உலகில் மறுபிறவி எடுத்திருக்கின்றது. மெய்யான முகவரியை மறைத்து, அதற்குப் பதிலாக வேறொரு முகவரியை வழங்கும் இம்முறையைப் ‘புனைமுகவரி’ என்று நாம் அழைக்கலாம். இது கணினி வல்லுநர்க்கு மட்டும் உரிய வித்தை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஆசிரியரும் மாணவரும் நாள்தோறும் எங்கோ ஒரு படிவத்திலே தம் முகவரியை எழுதிக் கொடுத்த வண்ணமே இருக்கின்றனர்.

ஒரு குறியின் வரலாறு

1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் றே ரொம்லின்சன், ஒரு கணினியிலிருந்து வலையமைப்பின் வழியாக மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பும் முறையை அமைத்தார். ஆளின் பெயரையும் அவர் பயன்படுத்தும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட, கணக்குப் புத்தகங்களில் விலையைக் குறிக்க வழங்கிய ‘அற்’ என்னும் சிறு சுழிக்குறியை அவர் தேர்ந்தார். அன்று அவ்வலையமைப்பைப் பயன்படுத்தியோர் மிகச் சிலரே. ஒருவரையொருவர் அறிந்த அச்சிறு வட்டத்திலே முகவரியைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் எழாதது வியப்பன்று.

அந்த நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 1978ஆம் ஆண்டு மே மாதத்திலே கணினி நிறுவனமொன்றின் விற்பனை அலுவலரான கரி தேர்க், தமது நிறுவனத்தின் புதிய கணினிகளை விளம்பரம் செய்யும் செய்தியை ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே வீச்சில் அனுப்பினார். கேளாமல் வந்த வணிக அஞ்சலின் தலைப்பிள்ளை அதுவே என்பர். பெற்றவர் பலர் சினந்தனர். பிற்காலத்தில் இத்தகைய அஞ்சலுக்கு ‘ஸ்பாம்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. அது பேணியில் அடைத்து விற்கப்படும் ஓர் இறைச்சியின் பெயர். 1970ஆம் ஆண்டின் ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவையொன்றில், உணவுச்சாலைப் பட்டியல் முழுவதிலும் அவ்விறைச்சியே திரும்பத் திரும்ப வந்து பிற பேச்சையெல்லாம் அமிழ்த்திவிடும். வேண்டாத ஒன்று வேண்டியதை மூழ்கடிப்பதற்கு அதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

தபாற்காரர் கொணரும் கடிதத்துக்கு அனுப்புவோரே முத்திரைச் செலவை ஏற்கின்றார். அச்செலவே அவருக்கு ஒரு கடிவாளம். மின்னஞ்சலுக்கோ அக்கடிவாளம் இல்லை. ஆயிரம் பேருக்கு அனுப்புவதும் பத்து இலட்சம் பேருக்கு அனுப்புவதும் செலவில் ஏறத்தாழ ஒன்றே. இலட்சம் பேரில் ஒருவர் ஏமாந்தாலும் அனுப்பியவருக்கு இலாபமே. ஆகவே முகவரிப் பட்டியல் ஒரு விலைப்பொருளாயிற்று.

தொல்லையினும் பெரிய தீங்கு

குப்பை அஞ்சலை நீக்குவது சில நிமிட வேலைதானே என்று சிலர் கேட்கலாம். தீங்கு அதனோடு நின்றுவிடுவதில்லை. புத்தகக் கடைக்கும், மருத்துவ நிலையத்துக்கும், வேலை விண்ணப்பத்துக்கும், நன்கொடைச் சபைக்கும் நாம் ஒரே முகவரியைக் கொடுக்கின்றோம். தனித்தனியே கிடக்கும் நம் வாழ்வின் துண்டுகளையெல்லாம் அந்த ஒரே முகவரி ஒரு நூலாகக் கோத்துவிடுகின்றது. இரண்டு நிறுவனங்கள் தம் பட்டியல்களை ஒப்பிட்டால் போதும். நாம் எவரிடமும் சேர்த்துச் சொல்லாத கதையை அவை சேர்த்து வாசித்துவிடும்.

திருட்டும் உண்டு. யாகூ நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து 2013ஆம் ஆண்டிலே களவு போன விபரங்கள் ஏறத்தாழ 300 கோடிக் கணக்குகளுக்கு உரியவை என்பது 2017ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. ஓரிடத்திற் களவுபோன முகவரியையும் கடவுச்சொல்லையும் எடுத்துக்கொண்டு, திருடர் வேறு நூறு கதவுகளிலும் அவற்றைப் பொருத்திப் பார்ப்பர். எல்லாக் கதவுக்கும் ஒரே பெயரும் ஒரே திறப்பும் வைத்திருப்பவர் என் செய்வார்?

மூன்று வழிகள்

புனைமுகவரி அமைக்கும் வழிகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது மிக எளிது, செலவும் இல்லை. ஜிமெயில் முதலிய சேவைகளில், நம் முகவரிப் பெயரின் பின்னே, சுழிக்குறிக்கு முன்னதாக ஒரு கூட்டற்குறியும் யாதேனும் ஒரு சொல்லும் சேர்த்தாலும் கடிதம் நம்மையே வந்தடையும். புத்தகக் கடைக்குக் கொடுக்கும்போது ‘புத்தகம்’ என்ற சொல்லையும், கருத்தரங்குக்குக் கொடுக்கும்போது ‘கருத்தரங்கு’ என்ற சொல்லையும் சேர்க்கலாம். பிறகு ‘புத்தகம்’ என்ற வால் தாங்கிய முகவரிக்குக் கடன் விளம்பரம் வந்தால், நம் முகவரி எந்த வாசல் வழியாக வெளியேறிற்று என்பது தெளிவாகிவிடும். ஆயின் வாலை நறுக்கினால் மெய்முகவரி வெளிப்பட்டுவிடும். ஆதலின் இது காவல் அன்று; காட்டிக் கொடுக்கும் அடையாளம் மாத்திரமே. சில படிவங்கள் கூட்டற்குறியை ஏற்பதும் இல்லை.

இரண்டாவது, இடைத்தரகர் முறை. ஒரு சேவை நமக்குப் பொருளற்ற எழுத்துக் கோவையான முகவரியை உண்டாக்கித் தரும். அங்கு வரும் கடிதம் நம் மெய்யான பெட்டிக்குத் திருப்பப்படும். தொல்லை மிகுந்தால் அந்த ஒரு முகவரியை மூடிவிடலாம், மற்றவை பாதிக்கப்படா. அப்பிள் நிறுவனம் தனது கணக்கின் வழியாகப் பிற சேவைகளில் நுழைவோருக்கு 2019ஆம் ஆண்டிலே இவ்வசதியை அளித்தது. 2021ஆம் ஆண்டிலே கட்டணம் செலுத்துவோருக்கு அதனை விரிவாக்கிற்று. மொசில்லாவின் பயர்பொக்ஸ் றிலே, டக்டக்கோவின் அஞ்சற் பாதுகாப்பு, 2022ஆம் ஆண்டில் புரோட்டன் நிறுவனத்தோடு இணைந்த சிம்பிள்லொகின் என்பனவும் இவ்வினத்தவையே.

மூன்றாவது, சொந்தமாக ஓர் இணையப் பெயரை வாங்கி, அதன் கீழ் வேண்டிய முகவரிகளை நாமே அமைத்துக்கொள்ளுதல். இதற்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. கட்டணம் தவறினால் பெயர் பிறர் கைக்குப் போய்விடக் கூடும். அன்றியும், அப்பெயரைப் பயன்படுத்துபவர் நாம் ஒருவரே என்றால் எல்லா முகவரிகளும் ஒருவருடையவை என்று ஊகித்தல் எளிது.

பின்லாந்து தந்த பாடம்

இடைத்தரகர் எத்துணை நம்பத்தக்கவர்? இவ்வினாவுக்கு வரலாறு ஏற்கெனவே ஒரு விடை தந்திருக்கின்றது.

1993ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டவரான யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர், அனுப்புவோரின் பெயரை அகற்றி, ஓர் இலக்கத்தை மட்டும் இட்டுச் செய்தியைச் சேர்ப்பிக்கும் சேவையொன்றைத் தொடங்கினார். அவ்விலக்கத்துக்குப் பதில் எழுதினால் அஃது உரியவரைச் சென்றடையும். வெளிப்படையாகச் சொல்லவொண்ணாத துயரங்களைப் பேச விரும்பியோரும் அதனை நாடினர். 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பயன்படுத்தினர்.

ஆயின் எந்த இலக்கம் எவருடையது என்ற அட்டவணை அக்கணினியில் இருந்தே தீர வேண்டும். இல்லையேல் பதிலைச் சேர்ப்பிக்க இயலாது. 1995ஆம் ஆண்டிலே, தமது ஆவணம் வெளியிடப்பட்டதாகச் சைன்ரோலொஜிச் சபையினர் முறையிட, பொலிசார் சட்ட ஆணையுடன் வந்தனர். அட்டவணை முழுவதையும் இழப்பதைத் தவிர்க்க, ஹெல்சிங்கியஸ் ஒரேயொருவரின் முகவரியைக் கையளித்தார். 1996ஆம் ஆண்டிலே நீதிமன்றம் மீண்டும் அடையாளத்தைக் கேட்டபோது, அவர் சேவையையே மூடிவிட்டார்.

அவர் நேர்மையற்றவர் அல்லர். குற்றம் அமைப்பில் இருந்தது. இரகசியத்தை ஒருவர் காத்துவைத்திருக்கும் வரை, அதனைக் கேட்டு இன்னொருவர் வரக்கூடும். இன்றைய புனைமுகவரிச் சேவைகளுக்கும் இவ்விதி பொருந்தும். அவை வணிகரிடமிருந்தும் திருடரிடமிருந்தும் நம்மைக் காக்கும்; நீதிமன்றத்தின் கண்ணுக்கு நம்மை மறைக்க மாட்டா. உயிருக்கு அஞ்சி எழுதுபவர் இதனை மாத்திரம் நம்பியிருத்தல் தகாது.

விழிப்போடு பயன்படுத்துக

வங்கி, பரீட்சை, பல்கலைக்கழக அனுமதி, அரசாங்க அலுவல் ஆகியவற்றுக்கு நெடுநாள் நிலைக்கும் முகவரியையே கொடுத்தல் நன்று. இடைச் சேவை ஒருநாள் நின்றுபோனால், மறந்த கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் வாராது. அனுமதிக் கடிதமும் வாராது. கடை, இலவசப் பதிவு, ஒருநாட் கருத்தரங்கு முதலியவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு புனைமுகவரி போதும். எதனை எவருக்குக் கொடுத்தோம் என்ற குறிப்பையும் வைத்திருத்தல் வேண்டும். கடவுச்சொற்களும் ஒவ்வொரு கதவுக்கும் வேறாதல் அவசியம்.

பாடசாலைகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. நாற்பது மாணவரின் முகவரிகளை எல்லாரும் காணும்படி ஒரே கடிதத்தின் தலையில் வரிசையாக இட்டு அனுப்பும் ஆசிரியர், தம்மை அறியாமலே ஒரு பட்டியலை ஊருக்கு வழங்கிவிடுகின்றார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம் நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. எனினும் ஏட்டிலுள்ள சட்டம் பழக்கமாக மாறும் இடம் வகுப்பறையேயாகும்.

வேறு பெயரில் உலவுதல் வஞ்சகம் ஆகாதா என்று கேட்பாரும் உளர். பிறரை ஏமாற்றுவதற்கு அணியும் முகமூடி வேறு. வீட்டுக் கதவுக்கு இடும் தாழ்ப்பாள் வேறு. தாழ்ப்பாள் இட்ட வீட்டார் விருந்தினரை வெறுப்பவர் அல்லர். தட்டுபவர் யார் என்று அறிந்து திறக்கும் உரிமையை மாத்திரமே அவர் வேண்டி நிற்கின்றார்.