மாரி வருமுன் டயரின் இலக்கத்தைப் படியுங்கள்

ஒக்டோபர் பிறந்துவிட்டால் திருகோணமலை வியாபாரிக்குக் கடலைப் பற்றியும் கவலை, வீதியைப் பற்றியும் கவலை. துறைமுகத்து மீனோ, சீனன்குடாவில் ஏற்றும் மாவோ சீமெந்தோ, எதுவானாலும் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக மழையில்தான் கொழும்பு போய்ச் சேரவேண்டும். ஏறத்தாழ 260 கிலோ மீற்றர் தூரம் சரக்கையும் சாரதியின் உயிரையும் டயர்களே தாங்குகின்றன.

ஆனால் டயர் வாங்கப் போகும்போது நம்மில் பலர் "பதினைந்தா? என்ன விலை?" என்பதோடு நிறுத்திக் கொள்கிறோம். எவ்வளவு சுமை தாங்கும் என்று கேட்பவர் குறைவு.

இலக்கங்கள் சொல்வது என்ன?

ஒரு கார் டயரில் 195/65 ஆர் 15 91 எச் என்று பொறித்திருக்கும். 195 என்பது மில்லி மீற்றரில் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 91 என்பது சுமை இலக்கம். அதன்படி இந்த டயர் தாங்கக்கூடியது 615 கிலோ. எச் என்பது வேக எல்லை, மணிக்கு 210 கிலோ மீற்றர்.

டொயோட்டா ஹயேஸ் போன்ற வேன்களுக்கு வரும் 195 ஆர் 15 சி டயரைப் பாருங்கள். அதிலும் 195 உண்டு, 15 உண்டு. ஆனால் சுமை இலக்கம் 106. அதாவது 950 கிலோ. 'சி' என்பது வர்த்தக வாகனத்துக்குரியது என்பதன் அடையாளம்.

"இரண்டும் ஒரே சைஸ்தான்" என்று கார் டயரை வேனுக்குப் பூட்டினால் என்ன நடக்கும்? பின்புறத்து வேன் டயர்கள் இரண்டும் சேர்ந்து தாங்கக்கூடியது 1900 கிலோ. கார் டயர்கள் தாங்குவது 1230 கிலோ. குறைவது 670 கிலோ. மீன்பெட்டிகளையும் ஐஸையும் ஏற்றிய வேனில் அந்த டயர் சூடேறி, பக்கச் சுவர் வெடிக்கும். உயரமும் ஏறத்தாழ 65 மில்லி மீற்றர் குறைவு. எனவே வேன் தாழ்ந்து, வெள்ளம் நிற்கும் இடத்தில் அடிப்பகுதி இன்னும் அதிகமாக நனையும்.

டிமோ பட்டா வைத்திருப்போருக்கும் இதே எச்சரிக்கை. அதன் 145 ஆர் 12 டயரும் சிறிய கார்களின் 145/80 ஆர் 12 டயரும் அகலத்தில் ஒன்று, தாங்கும் பலத்தில் வேறு.

அகலம் கூடினால் பிடி கூடுமா?

மழைக்கு அகலமான டயர் நல்லது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மை அதற்கு மாறானது. பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவுகளுக்குள் ஒடுங்கிய டயரையே பலர் தெரிவு செய்கிறார்கள். ஒடுங்கிய டயர் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும். தேங்கிய நீரிலும் அப்படியே. அகன்ற டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கினால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது.

காற்று அமுக்கமும் முக்கியம். விமானச் சக்கரங்களை வைத்து நாசா நிறுவனம் 1960களில் கண்ட கணக்கின்படி, 36 இறாத்தல் காற்றுள்ள டயர் ஏறத்தாழ 100 கிலோ மீற்றர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 25 இறாத்தல் என்றால் 83 கிலோ மீற்றரிலேயே மிதக்கும். தேய்ந்த டயருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஜப்பானிலிருந்து வரும் பனி டயர்

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஜப்பானின் குளிர் பிரதேசங்களில் ஓடிய வாகனங்களில் பனி டயர் பூட்டியிருக்கக்கூடும். பக்கச் சுவரில் 'ஸ்டட்லெஸ்' என்ற சொல்லோ, மலைக்குள் பனித்துகள் வரைந்த அடையாளமோ இருந்தால் அது பனி டயராக இருக்கக்கூடும். 7 பாகை செல்சியஸுக்குக் குறைந்த குளிருக்கான மென்மையான ரப்பர் அது. நமது சூட்டு வீதியில் விரைவாகத் தேயும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுவதே புத்தி.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

- சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் டயரின் அளவும் காற்றின் அளவும் இருக்கும். அதை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

- சுமை இலக்கம் கம்பனி கொடுத்ததை விடக் கூடலாம், குறையக் கூடாது.

- பக்கச் சுவரின் நான்கு இலக்கங்கள் தயாரித்த திகதியைச் சொல்லும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம்.

- பள்ளங்களுக்குள் 1.6 மில்லி மீற்றர் உயரத்தில் சிறு மேடுகள் உண்டு. ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது. மழைக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

- ஒரே அச்சில் இரண்டு அளவுகளைக் கலக்காதீர்கள்.

கார் டயருக்கும் சரக்கு டயருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஒரு லோட் மீனின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹபரணைக் காட்டுப் பாதையில் நள்ளிரவில் டயர் வெடித்து, ஐஸ் கரைந்து, காலைச் சந்தை தவறினால் அந்த மிச்சம் ஒரே இரவில் போய்விடும். மழை தொடங்குமுன் ஒருநாள் ஒதுக்கி, உங்கள் வாகனத்தின் டயர் ஒவ்வொன்றையும் குனிந்து படித்துப் பாருங்கள்.