கட்டற்ற பாணி பனிச்சறுக்குக் கோல்

கட்டற்ற பாணி பனிச்சறுக்குக் கோல் என்பது, தாவுதல், சுழலுதல், தண்டவாளம் போன்ற கம்பிகளின் மேல் சறுக்குதல் முதலியவற்றில் ஈடுபடும் பனிச்சறுக்கு வீரர்கள் இரு கைகளிலும் பிடிக்கும் கோல் ஆகும். சாதாரணச் சரிவுகளில் பயன்படும் கோலைவிட இது குட்டையானது. இவ்விளையாட்டில் விழுவது வழக்கம் என்பதால் கோல்கள் விரைவில் சேதமடைகின்றன. ஆகவே, எடை குறைந்த விலையுயர்ந்த கோலைவிட அடியைத் தாங்கும் எளிய அலுமினியக் கோலே பெரும்பாலானோருக்கு ஏற்றது.

பயன்பாடு

கட்டற்ற பாணியின் எல்லாப் பிரிவுகளிலும் கோலின் தேவை ஒன்றல்ல. 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியான மேடுபள்ளச் சறுக்கில் (மோகல்) ஒவ்வொரு மேட்டிலும் கோலை ஊன்றியே திரும்புகின்றனர். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட ஸ்லோப்ஸ்டைல், ஹாஃப்பைப் ஆகியவற்றில் கோல் பெரும்பாலும் சமநிலைக்கே உதவுகிறது. சிலர் கோலின்றியும் சறுக்குகின்றனர். வான்வழிக் குட்டிக்கரணப் பிரிவில் வீரர்கள் கோல் பிடிப்பதில்லை.

தண்டின் பொருள்

தொடக்கத்தில் மூங்கில், எஃகு ஆகியவற்றால் கோல்கள் செய்யப்பட்டன. 1958இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த எட் ஸ்காட், நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் அலுமினியக் கோலை உருவாக்கினார். இன்று மூன்று பொருள்கள் வழக்கில் உள்ளன.

அலுமினியம்: விலை குறைவு. அளவுக்கு மீறிய விசை பட்டால் பெரும்பாலும் வளையும், சட்டென முறியாது. துத்தநாகம் கலந்த 7075 வகைக் கலவை, 6061 வகையைவிட வலிமையானது. கலவையைப் போலவே குழாயின் விட்டமும் சுவரின் தடிமனும் முக்கியம். 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள தடித்த தண்டு, மெல்லிய தண்டைவிட நன்கு தாங்கும்.

கார்பன் இழை: மிக இலேசானது, விலை அதிகம். சறுக்குப்பலகையின் கூரிய எஃகு விளிம்பு கீறிய இடத்தில் பின்னர் முறியக்கூடும். முறிந்த முனை கூர்மையாக இருக்கும்.

கண்ணாடி இழைக் கலவை: ஓரளவு வளைந்து மீண்டும் நிமிரும். ஆனால் இதிலும் ஆழமான கீறல் ஆபத்தானது.

நீளம்

கோலைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பிடியைத் தரையில் ஊன்றி, நுனியருகே உள்ள வட்டத்தட்டுக்குச் சற்றுக் கீழே பிடிக்கும்போது முழங்கை செங்கோணமாக மடங்கினால் அது சாதாரணச் சறுக்குக்கு உரிய நீளம். உயரத்தை 0.7ஆல் பெருக்கியும் இதைக் கணிக்கலாம். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 120 செ.மீ. வரும். கட்டற்ற பாணிக்கு இதிலிருந்து 5 முதல் 10 செ.மீ. குறைத்துக்கொள்வர், சிலர் இன்னும் குட்டையான கோலை விரும்புவர். தரையிறங்கும்போது உடல் தாழ்வதாலும், சுழலும்போது நீண்ட கோல் இடையூறாவதாலும் இவ்வாறு செய்கின்றனர்.

நீளமான பழைய கோலை வாங்கி, கைப்பிடியைக் கழற்றி, தண்டின் மேல்முனையை அறுத்துக் குட்டையாக்கலாம். நுனிப் பக்கம் சிறுத்திருப்பதால் அங்கு அறுக்கக் கூடாது.

கைப்பட்டையும் வட்டத்தட்டும்

கோலைப் பிடித்தபடி விழும்போது கட்டைவிரலின் அடிமூட்டுத் தசைநார் கிழியக்கூடும். கைப்பட்டையில் கை மாட்டியிருந்தால் கோலை எளிதில் விட்டுவிட இயலாது. எனவே தாவுபவர்கள் பலர் பட்டையை மாட்டுவதில்லை. கழற்றக்கூடிய பட்டை நல்லது. இறுகிய பனியில் சிறிய வட்டத்தட்டே போதும். அது தனியாக மாற்றக்கூடியதாக இருந்தால், தட்டு உடைந்ததற்காகப் புதிய கோல் வாங்க வேண்டியதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* ஒரு கண்ணை மூடி, தண்டின் நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரியும்.
* நசுங்கிய பள்ளமுள்ள அலுமினியக் கோலைத் தவிர்க்க வேண்டும். அடுத்த அடியில் அவ்விடத்திலேயே மடங்கும்.
* கீறல் விழுந்த பழைய கார்பன் கோலை மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.
* கைப்பிடி தண்டில் சுழலாமல் இறுக்கமாக இருக்க வேண்டும்.
* நீளம் மாற்றும் பூட்டுள்ள கோலில், அடி படும்போது பூட்டு நழுவக்கூடும். ஒரே தண்டாலான கோலே நீடித்து உழைக்கும்.

சிறிதளவு வளைந்த அலுமினியக் கோலை மெதுவாக நிமிர்த்திப் பயன்படுத்தலாம். ஆயினும் நிமிர்த்திய இடம் முன்பைவிட வலுவிழந்திருக்கும். மீண்டும் அதே இடத்தில் வளைந்தால் கோலை மாற்றிவிடுவதே பாதுகாப்பு.