அந்நியன் பாறையும் சூரியகாந்தி வயலும்

தென்காசிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரம், பாண்டியர் பெயரைத் தாங்கி, குளத்து நீரையும் வயலையும் நம்பி வாழும் பழைய வேளாண் ஊர். எனினும் வெளியூரார் பலர் அதை அறிந்திருப்பது திரைப்படங்களின் வழியாகவே.

இப்பகுதியின் அழகு வெகுமக்கள் கலையில் இடம்பெறுவது புதிதன்று. தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர், குறி சொல்லும் குறத்தியை நடுநாயகமாகக் கொண்ட ‘குறவஞ்சி’ என்னும் ஆடல்பாடல் வகையில் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, குற்றால மலையின் வளத்தையும் இறைவன் பவனி வரும் வீதியையும் மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியது. 1944இல் ருக்மிணி தேவி அதனைக் கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். கவிராயர் தாம் வாழ்ந்த மண்ணைப் பாடினார் என்பதால், அவருடைய மிகைக் கற்பனையிலும் அந்த மலையும் அருவியும் அடையாளம் மாறவில்லை.

திரைப்படத்தின் வழி வேறு. மணிரத்னத்தின் ‘ரோஜா’ (1992) நாயகியின் ஊராகச் சுந்தரபாண்டியபுரத்தின் பெயரைச் சொல்கிறது. ஆனால் அவள் ஆடிப்பாடும் அருவிக் காட்சிகளில் பாபநாசம் மலைமேலுள்ள பாணதீர்த்தம் இடம்பெறுகிறது. பல இடங்களின் அழகை ஒரே ஊருக்கு உரியதாகக் காட்டுவது திரைக்கலைக்கு இயல்பே.

ஷங்கரின் ‘அந்நியன்’ (2005) இன்னும் ஒரு படி சென்று ஊரின் தோற்றத்தையே மாற்றியது. ஒரு பாடலுக்காகக் கலை இயக்குநர் சாபு சிரிலின் குழு வீடுகளுக்கும் சாலைக்கும் லாரிகளுக்கும் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களைப் பூசியதுடன், ஊர்ப்புறத்துப் பாறையொன்றில் திரை நடிகர்களின் முகங்களையும் தீட்டியது. படப்பிடிப்பு முடிந்தபின்னும் அப்பாறை ‘அந்நியன் பாறை’ என்றே வழங்கப்படுகிறது. காலங்காலமாக அங்கே கிடந்த கல்லுக்கு ஒரு படத்தின் பெயர் நிலைத்துவிட்டது என்பது திரைப்படத்தின் வலிமைக்குச் சான்றுதான். ஆயினும் அந்த ஊரின் நெடிய வரலாறு வருவோர் கண்ணுக்கு மறைந்துபோவதும் அதனாலேயே என்பது வருந்தத்தக்கது.

செங்கோட்டைக் கணவாயைக் கடந்துவரும் மலையாளிகளுக்குத் தென்காசி தமிழகத்தின் தலைவாசல். 2000இல் மலையாளத்தில் ‘தென்காசிப்பட்டணம்’ என்ற பெயரிலேயே ஒரு படம் வெளிவந்தது. கணவாய் வழியே சாரல்காற்று வீசும் ஆடி மாதத்தையொட்டிச் சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் சூரியகாந்தி பூக்கும்போது, கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவோர், திரையில் கண்ட ஊரில் நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்பி வயலுக்குள் இறங்குகின்றனர்.

இப்படித் திரையில் கண்டு வருவோரின் கூட்டம் ஊராருக்குச் சுமையாவதும் உண்டு. தென்கொரியத் தலைநகர் சியோலில், மலைச்சரிவில் அமைந்த இஹ்வா என்னும் பழைய குடியிருப்பு, 2006 முதல் தீட்டப்பட்ட சுவரோவியங்களாலும் அவற்றைக் காட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளாலும் புகழ்பெற்றபோது, ஓயாத கூட்டத்தாலும் இரைச்சலாலும் அமைதி இழந்த குடியிருப்போர் சிலர், 2016இல் படிக்கட்டுகளிலிருந்த புகழ்மிக்க ஓவியங்களைத் தாங்களே அழித்தனர். வரைந்தவர்களும் காண வந்தவர்களும் அங்கே குடியிருப்போரின் இசைவைப் போதிய அளவு கேளாததே அவர்களது சினத்துக்குக் காரணம்.

சுந்தரபாண்டியபுரத்தில் ஓவியம் வீட்டு வாசலில் இல்லாமல் ஊர்ப்புறத்துப் பாறையில் இருப்பதால் அத்தகைய நெருக்கடி இல்லை. அங்கே மிதிபடுவது பயிர். சூரியகாந்தி எண்ணெய் வித்துக்காக விதைக்கப்படுவது. ஒடிந்த தண்டு மீண்டும் நிமிர்ந்து மணி பிடிப்பதில்லை. ஆகவே வரப்போடு நின்று பார்ப்பதும், உள்ளே செல்ல வேண்டுமாயின் வயலுக்கு உரியவரைக் கேட்டு அவர் சொல்லும் கட்டணத்தைக் கொடுப்பதும் வருவோரின் கடமையாகின்றன.